இசித்ரோ அண்ணன் எழுந்துபோன நேரம்

பிலிப்பைன்ஸின் செபு நகரில், எங்கள் கால் சென்டரில் மரிவிக்கைப் பிடிக்காதவர் கிடையாது. பிறந்தநாளுக்குப் பன்சித் நூடுல்ஸ் வாங்கி வந்து, தனக்கு மிச்சம் வைக்காமல் பரிமாறிவிடுவாள். தப்பு செய்தால் ஒளித்துவைக்கத் தெரியாது. அந்த நல்ல குணமே வினையாகிப் போனது.

யார் எப்போது கழிப்பறைக்கு எழுந்துபோனார்கள், எப்போது திரும்பினார்கள் என்பதை எங்கள் கம்ப்யூட்டரே பதிந்துவிடும். எஸ்க்யூஎல் என்ற கணினி மொழியில் கட்டளை எழுதி அதைக் கூட்டிச் சொல்வது மரிவிக்கின் வேலை. பட்டியல் நீளமாக இருக்கிறது, அடுத்தடுத்து எழுந்து போனதை ஒரே இடைவேளையாகச் சேர் என்றார் மேலாளர். சேர்த்தாள். முதலில் எழுந்த நேரத்தைக் கடைசியாகத் திரும்பிய நேரத்திலிருந்து கழித்துவிட்டாள். நடுவில் உட்கார்ந்து வேலை பார்த்த நேரமும் கழிப்பறைக் கணக்கில் போய்விட்டது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் திரையில் முதல் பெயர் இசித்ரோ அண்ணன். ஒரே நாளில் கழிப்பறையில் மூன்று மணி நேரம்.

"அண்ணே, தலகாணி கொண்டுபோனீங்களா?" என்றான் ஒருவன். சிரித்தவர்களில் நானும் உண்டு. நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மேலாளர் சிரிக்கவில்லை. "என்ன விஷயம்னு சொல்லுங்க" என்றார்.

ஐம்பது வயது மனிதர் எழுந்து நின்றார். "சர்க்கரை வியாதி சார். அடக்க முடியல. போன மாசம் ஒருதடவ சீட்லயே..."

அன்றே மரிவிக் தன் தப்பைக் கண்டுபிடித்தாள். துண்டு துண்டாகக் கூட்டினால் முக்கால் மணி நேரம்கூட வரவில்லை. சோற்றைத் தொடாமல் அழுதாள்.

"மேலாளர்கிட்ட மட்டும் சொல்லிடு, போதும்" என்றேன்.

"எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டு, ரகசியமா சரிபண்றதா? எனக்கு வெக்கமா இருக்குடி."

அடுத்த கூட்டத்தில் அவளே பட்டியலைத் திரையில் போட்டாள். இசித்ரோ என்ற பெயருக்குக் கீழே வரிசையாக, போனது, வந்தது, போனது, வந்தது. "தப்பு என்னோடது. அண்ணன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பாரம் இறங்கியதுபோல் மூச்சு விட்டாள்.

இசித்ரோ அண்ணன் திரையைப் பார்க்கவே இல்லை. "தப்பு உன்னோடதுதானேம்மா? உன் பேர மட்டும் போட்டிருக்கலாமே. நான் ஒண்ணுக்குப் போன கதைய எதுக்குத் திரும்பவும் எல்லாருக்கும் காட்டுற?"

மரிவிக் திரையை அணைக்கப் பாய்ந்தாள். அவசரத்தில் எதையோ அழுத்தியதில், எழுத்துகள் இன்னும் பெரிதாயின.