பெடலில் போட்ட மஞ்சள் கோடு

என் பெடலை யாரோ தொடுகிறார்கள் என்று சந்தேகம் வந்தபோது எனக்குத் தலைக்கேறியது கோபம்தான். எதற்கும் முதலில் அதுதான் வரும், பிறகுதான் மற்றதெல்லாம்.

பெடல் என்பது மின்கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் வைத்து, காலால் மிதித்து இயக்கும் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளங்கை அளவுதான் இருக்கும். என்னுடையது டிஸ்டார்ஷன் பெடல். கிட்டாரின் ஓசையைக் கரகரக்க வைப்பது அதன் வேலை. மேலே மூன்று குமிழ்கள்: சத்தத்துக்கு ஒன்று, கரகரப்புக்கு ஒன்று, டோனுக்கு ஒன்று. டோனை வலப்பக்கம் திருகினால் ஓசை கூராகும், இடப்பக்கம் திருகினால் மழுங்கும். கரகரப்பைக் கொஞ்சமாக வைத்தால் கீர்த்தனைக்குப் பின்னால் தொண்டை கட்டியவர் ஒருவர் கூடப் பாடுவது போல அடக்கமாக இருக்கும். கூட்டினால் வாலிபர் கூட்டத்துப் பாட்டுகளுக்கு உறுமும். செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழு, இந்தத் துளியூண்டு பெட்டியிலா இத்தனை வருகிறது என்று முதல் நாள் சுற்றி நின்று பார்த்தது.

பழைய அனலாக் முறையில் செய்த பெட்டி அது. திரை கிடையாது, போன வாரம் வைத்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வசதியும் கிடையாது. குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் ஓசை. தானாக எதுவும் மாறாது என்பதால்தான் எனக்கு அதைப் பிடிக்கும்.

ஆனால் மாறியது. குமிழ் நிற்கும் இடத்தைக் கடிகார முள்ளைப் போல இத்தனை மணி என்று சொல்வது எங்கள் வழக்கம். டோனை நான் மூன்று மணியில் வைப்பேன். சனிக்கிழமைப் பயிற்சியின் நடுவில் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பதினொரு மணியில் நிற்கும். வாசித்தால் சவசவவென்று இருக்கும். ஒயரை மாற்றிப் பார்த்தேன். பெடலைத் திறந்து உள்ளே குமிழ் லொடலொடக்கிறதா என்றும் பார்த்தேன். எல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது.

மல்லாபூரில் தகரத்தை வெட்டி அச்சடிக்கும் தொழிற்சாலை ஒன்றில், பிரஸ் ஷாப்பில் நான் சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. அங்கே ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும் போல்ட்டுக்கும் மெஷினுக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்போம். போல்ட் அசைந்தால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அதே பேனாவைக் கொண்டுவந்து டோன் குமிழிலிருந்து பெட்டிவரை ஒரு கோடு இழுத்தேன். அடுத்த சனிக்கிழமை கோடு விலகியிருந்தது.

அதற்கடுத்த வாரம், டீ குடிக்கப் போகிறவன் போல வெளியே போய், பக்கவாட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பாட்டுப் புத்தகத்தை எடுப்பது போலக் குனிந்து, டோனைத் திருகிவிட்டு நிமிர்ந்தவள், அதே குழுவில் பாடும் என் மனைவி. பக்கத்தில் இருந்த கீபோர்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆக, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அவள் வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டு வந்து காய்ந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன், ஒரு மூன்று நிமிஷம் தாங்கியது. கடைசியில் நேராகவே கேட்டேன்.

“கைக்கு என் பெடலைத் தொடுறே?”

அவள் பாளையங்கோட்டைக்காரி. இந்த ஊருக்கு வாழ வந்து இத்தனை வருஷமாகியும், ஏன் என்பதற்குக் ‘கைக்கு’ என்றும் மறுப்பதற்கு ‘நக்கோ’ என்றும் இந்த ஊர் உருது கலந்து வரும் என் கலப்படப் பேச்சு அவளுக்கு ஒட்டவே இல்லை.

“நீங்க வைக்குத இடத்துல ரொம்பக் கிறீச்சுனு இருக்கு. முன்வரிசையில இருக்கவங்க காதைப் பொத்துதாங்க.”

“எனக்குச் சரியாத்தான் கேக்குது.”

“உங்களுக்குக் கேக்கலை.”

“நக்கோ. எனக்கா? மெஷின்ல ஒரு கோளாறுன்னா சத்தத்தை வெச்சே சொல்றவன் நான்.”

அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“வாஷிங் மெஷின் முடிஞ்சு கூப்பிட்டுக்கிட்டு இருக்கு. கேக்குதா?”

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மின்விசிறி கேட்டது. தெருவில் ஓர் ஆட்டோ கேட்டது. வேறு எதுவும் இல்லை. என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து எழுந்து போனேன். மெஷின் நின்றிருந்தது. அதன் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. குனிந்து காதை அதன்மேல் ஒட்டி வைத்தபோதுதான், எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்பது போல ஒரு கீச்சொலி வந்தது. மெஷினை அணைத்துவிட்டு அவளிடம் திரும்பி வந்தேன்.

“எத்தனை நாளா தெரியும்?”

“ஒரு வருசம் இருக்கும்.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா கிட்டாரைத் தூக்கிப் பரண்ல போட்டுருவிய. வயசாயிட்டுன்னு எவரோ ஒருத்தர் சொன்னதுக்கு ஷட்டில் பேட்டை அப்படித்தானே போட்டிய? நீங்க வாசிக்காம வீட்டுக்குள்ள சுத்துனா என்னால பாக்க முடியாது. பயமா இருந்துச்சு.”

அவள் பயந்ததையே செய்தேன். பெடலை அதன் அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன். இரண்டு சனிக்கிழமை பயிற்சிக்குப் போகவில்லை. அவள் தனியாகப் போய் வந்தாள். வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலைக்கு வருடாந்திர மருத்துவ வேன் வந்தது. வேனுக்குள் காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். பீப் கேட்டால் அழுத்த வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியனின் விரல் மெஷினைத் தட்டுவது எதிரே உள்ள ஜன்னல் கண்ணாடியில் நன்றாகத் தெரியும். விரல் தட்டினால் நாங்கள் அழுத்துவோம், கேட்டாலும் கேட்காவிட்டாலும். காது போயிற்று என்று எழுதிவிட்டால் ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள், பிரஸ் ஷாப்காரனுக்கு அது மானக்கேடு. புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கண்ணாடி வித்தையைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். பிரஸ்ஸின் இரைச்சலுக்குக் காதில் செருக வேண்டிய அடைப்பானைக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொண்டு திரிந்ததும் நான்தான். வருஷா வருஷம் காது பிரமாதம் என்று தாள் வந்தது, நானும் அதை நம்பிவிட்டேன்.

இந்த முறையும் விரல் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலில் தாழ்ந்த சுருதியில் சில பீப்கள் வந்தன, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. இன்னும் அடுத்ததைத் தொடங்கவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தேன். வெகுநேரம் காத்திருந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது.

“சார், சோ கயே க்யா?”

தூங்கிவிட்டீர்களா என்று கேட்கிறார். கண்ணைத் திறந்து, இல்லை, விழித்துத்தான் இருக்கிறேன் என்றேன்.

வேனில் தந்த தாளை வீட்டில் அவளிடம் கொடுத்தேன். ஓசை கூராகக் கூராக என் காது குறைவதைக் காட்டி, வலப்பக்கம் போகப்போகச் சரிந்து இறங்கும் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

“ஸ்டோருக்கு மாத்திருவாங்களா?”

“மாத்தட்டும்.”

சனிக்கிழமை காலையில் பரணிலிருந்து பெடலை இறக்கி, தின்னர் தொட்டுப் பழைய மஞ்சள் கோட்டைத் துடைத்தேன். மாலைப் பயிற்சியில் எல்லாரும் பார்க்க அவளைக் கூப்பிட்டு, “நீயே வை” என்றேன். அவள் இந்த முறை பாட்டுப் புத்தகத்தைத் தேடவில்லை. நேராகத் தரையில் உட்கார்ந்தாள். நான் தந்தியை மீட்ட, அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, பதினொன்றில் நிறுத்தினாள். சட்டைப்பையிலிருந்து பெயிண்ட் பேனாவை எடுத்து அந்த இடத்தில் கோடு போட்டேன். மறுபடி மீட்டியபோது ஓசை எனக்குப் போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

“நல்லாருக்கா?”

“நல்லாருக்கு.”

வாசித்தேன்.