அத்தான் கழித்துப் போட்டவை

பழைய படச் சட்டமொன்றிலிருந்து கழற்றிய கண்ணாடித் துண்டு அது. செவன் ஹில்ஸ் வீட்டுக் கராஜில், அத்தானின் மேசையில் எப்போதும் கிடக்கும். சனிக்கிழமை காலைகளில் அவர் அதன்மேல் சன்னங்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார். துப்பாக்கி ரவையில் இலக்கை நோக்கிப் பறந்துபோகிற முனைத்துண்டுதான் சன்னம். செப்பு உறை போட்ட அந்தச் சின்ன உருவம் முனை ஆடாமல் உருண்டால் பாதிச் சோதனை முடிந்தது. பிறகு விளக்கடியில் பிடித்து, பூதக்கண்ணாடி வழியே முனை நசுங்கியிருக்கிறதா, உறையில் கீறல் விழுந்திருக்கிறதா, அடிப்பக்கம் சரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். தேறியவை பெட்டிக்குப் போகும். தேறாதவை ஜாம் போத்தலுக்குள் விழும். மேசைக்கு எதிரே தேத்தண்ணீரோடு உட்கார்ந்து அவரைச் சீண்டுவது என் வேலை. சிட்னிக்கு வந்த புதிதில் நான் அந்த வீட்டில்தான் தங்கியிருந்தேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். ரயில்வேயில் வரைபடம் கீறும் உத்தியோகம். வேலைத்தலத்து வெள்ளைக்கார நண்பர் ஒருவர் இலக்குச் சுடும் கழகமொன்றுக்கு அவரைக் கூட்டிப்போனார். மனிதர் அங்கேயே ஒட்டிக்கொண்டார். கடை ரவை கைக்குச் சரிவரவில்லை என்று, சுட்டு முடித்த வெற்றுக் கோதுகளில் மருந்தும் புதுச் சன்னமும் வைத்துத் தானே திருப்பி அடைக்கப் பழகினார். போருக்குத் தப்பி வந்த எங்கள் சனம் விடுமா? "ஊரில வெடிச்சத்தத்துக்கு ஓடி வந்த மனிசன், இஞ்ச காசு குடுத்தெல்லோ வெடி வைக்கிறார்" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்தார்கள். அத்தானுக்குக் கோபம் வராது. "அங்க எனக்குச் சுட்டது ஆரெண்டே தெரியாது. இஞ்ச நான் கடதாசிக்குத்தான் சுடுறன்" என்பார்.

அவருக்கு இருந்தது ஒரே சட்டம். "சந்தேகம் வந்தா யோசிக்கிறேல்லை, மச்சாள். கழிச்சுப் போடவேணும்." ஒருநாள் நான் கேட்டேன்: "பொம்பிளை பாக்க வரேக்கையும் அக்காவை இப்பிடித்தான் உருட்டிப் பாத்தனீங்களோ?" அவர் பூதக்கண்ணாடியை இறக்கவில்லை. "கொக்காவை நான் பாக்கவே இல்லை. படத்தைக் கண்டோடன ஓம் எண்டனான். செக் பண்ணாமல் எடுத்தது அவ ஒரு ஆளைத்தான்." குசினியிலிருந்து அக்கா எதையோ சொல்லித் திட்டினாள். குரலில் திட்டு இல்லை.

நான் கல்யாணம் முடித்து வேறு வீட்டுக்குப் போய் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, அந்த ஜாம் போத்தல் வேகமாக நிரம்பத் தொடங்கியது. முன்பெல்லாம் அதன் அடி மறைவதற்கே வருடக்கணக்காகும். இப்போது மேசைக்கடியில் போத்தல்கள் வரிசை கட்டின. "கொம்பனிக்காரர் கள்ள வேலை செய்யிறாங்கள்" என்று அத்தான் புறுபுறுத்தார். வேறு கொம்பனியின் சன்னம் வாங்கினார். அதையும் கழித்தார். கழித்தவற்றில் ஒன்றை எடுத்து வெயிலில் பார்த்தேன். புத்தம் புதுசாக மின்னியது. கழகத்து நண்பர் வந்து ஒரு போத்தலைக் கொட்டி, நெடுநேரம் பார்த்தார். போகும்போது படலையடியில் அக்காவைத் தனியே கூப்பிட்டு, சன்னங்களில் ஒரு பிழையும் இல்லை, மனிதரை டொக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னார்.

டொக்டர் சொன்னதை விரித்து எழுத எனக்கு மனமில்லை. மூளை தேய்ந்துகொண்டு போகிறது, திரும்பி வராது. அவ்வளவுதான். துப்பாக்கி உரிமம் போனது. துப்பாக்கிகள், மருந்து, கோது, சன்னம் எல்லாவற்றையும் பொலிஸ்காரர் வந்து முறைப்படி எடுத்துப்போனார்கள். அத்தான் தடுக்கவில்லை. விளக்கை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். கைகள் சும்மா இருக்க முடியாமல் தவித்ததைப் பார்த்து, அக்கா ஒரு தட்டில் கொண்டைக்கடலையைக் கொட்டி, பொறுக்கித் தரும்படி கொடுத்தாள். பின்னேரம் பார்த்தால் தட்டு வெறுமையாக இருந்தது. அத்தனை கடலையும் குப்பைக்கூடைக்குள். அன்றைக்கு அக்காவும் நானும் சிரித்தோம். இன்னும் சிரிக்க முடிந்த காலம் அது.

அதன்பின் ஒரு காலையில் அக்கா கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். அத்தான் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, அவள் நாடியைப் பிடித்து முகத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நானும் அன்று அங்கே இருந்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக் கிட்டத்தில் வந்து பார்த்தார். "நல்லாத்தான் செய்திருக்கிறாங்கள்," என்றார் என்னிடம். "ஆனா இது அவ இல்லை."

முகம் தெரிகிறது, அந்த முகத்தோடு வருகிற சொந்தம் தெரியவில்லை, மூளை தேயும் இந்த வருத்தத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்றார் டொக்டர். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நேரே கடைக்குப் போய்த் தலைமுடிச் சாயம் வாங்கி வந்தாள். பெட்டிக்கடியில் கிடந்த பழைய மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டாள். அவுஸ்திரேலியாவுக்கு வந்து இறங்கிய அன்று கட்டியிருந்த சேலையைத் தேடிக் கட்டினாள். ஒவ்வொரு முறையும் அத்தான் முன்னால் போய் நின்றாள். ஒவ்வொரு முறையும் அவர் மரியாதையாகத் தலையை ஆட்டி மறுத்தார். நாற்பது வருடம் "இஞ்சேரும்" என்று கூப்பிட்டவர், இப்போது அவளை "நீங்கள்" என்றார். "என்னை வடிவாப் பார்," என்று அக்கா என் கையைப் பிடித்துக் கேட்டாள். "என்னில என்ன மாறிப்போச்சு?" எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவதென்றுதான் தெரியவில்லை. "ஒண்டும் மாறேல்லை அக்கா" என்றேன். அது அவளுக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. என்னை அத்தான் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. கண்டவுடன் "வாரும் மச்சாள்" என்பார். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இப்போது அவர் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். ஞாயிறுகளில் நாங்கள் போகிறோம். அக்காவின் பெயரைச் சொல்லி அவர் கேட்பது குறையவில்லை. அவள் முகத்தை ஏற்றுக்கொள்வதும் நடக்கவில்லை. இனி நடக்காது என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அறையில் ஒரு கட்டில், இரண்டு கதிரை. ஒன்றில் அத்தான் இருப்பார். போன கிழமை, முழங்கால் நோவோடு நடந்து வந்த அக்கா மற்றக் கதிரையில் உட்காரப் போனாள். அத்தான் பதறிக் கையை நீட்டினார்.

"குறை நினைக்காதேங்கோ. அதில இருக்காதேங்கோ, என்ர மனிசி வாறவ." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் மச்சாள், கொக்கா இன்னும் வரேல்லை?"

அங்கே வேலை செய்யும் பிள்ளை இன்னொரு கதிரை கொண்டுவரவா என்று கேட்டாள். அக்கா வேண்டாமென்று தலையசைத்தாள்.

"அது எனக்குத்தானே வைச்சிருக்கிறார், இருக்கட்டும்," என்று என் காதுக்குள் சொன்னாள். மத்தியானச் சாப்பாடு வரும்வரை அந்த வெறுங்கதிரைக்குப் பக்கத்திலேயே நின்றாள். அத்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.