ஓலைக்குக் கீழே கொஞ்சம் இடம்

உர்சுலாவுக்கு எழுத்தாளராக வேண்டும் என்று ஆசை. சிங்கப்பூர் பூன் லேயில் அவள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கில் இதை யாரிடமும் சொன்னதில்லை. சிரிப்பார்களே என்பதைவிட, "எங்கே, காட்டு" என்று கேட்டுவிடுவார்களே என்றுதான் பயம். காட்ட ஒன்றும் இல்லை. ஆரம்ப சூரத்தனத்துக்கு மட்டும் குறைவில்லை. எத்தனையோ கதைகளுக்கு முதல் பத்தி வைத்திருந்தாள். இரண்டாவது பத்தி மனசு வரும்போது வரும் என்று காத்திருந்தாள். மனசோ, ஜூரோங் தொழிற்சாலையில் ரேடியோவுக்கு ஈயம் பற்றவைக்கும்போது மட்டும்தான் வந்தது. ஈயப்புகை வளைந்து எழும். அதற்குள் முகங்கள் தெரியும். வேலை முடிந்து மணி அடித்தால் புகையோடு அவையும் போய்விடும்.

எழுபத்தெட்டில் ஆம்ப்ரோஸ் அண்ணன் அவளைப் பிடித்துக்கொண்டார். சிராங்கூன் சாலைப் பக்கம் அவர்கள் போகும் கத்தோலிக்கக் கோயிலில், தமிழ்ப் பூசைக்கு வாரம் ஒரு தாள் போடுவது அவர் வேலை. பாட்டு, வாசகம், அறிவிப்பு எல்லாவற்றையும் மெழுகுத்தாளில் எழுதி, உருளையைச் சுற்றிப் பிரதி எடுப்பார். கடைசியில் எப்போதும் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

"காலியா விட்டா அசிங்கமா இருக்குலா. ஏதாச்சும் எழுதிக் குடு. வியாழக்கிழமை சாயங்காலம் கையில இருக்கணும், லேட் பண்ணாத," என்றார்.

மனசு வரட்டும் என்று வியாழக்கிழமை காத்திருக்குமா? பூன் லேயிலிருந்து பட்டணத்துக்குப் போகும் நீண்ட பஸ்ஸில், கண்ணாடியில் தலை சாய்த்து எழுதப் பழகினாள். வெளியே மழையும் விளக்கும் கலந்து ஓடும். டோபி காட் நிறுத்தம் வருவதற்குள் ஏதோ ஒன்று கைக்கு வந்திருக்கும். தவக்காலத்தில் வாசகம் நீண்டு மூன்று வரிதான் மிஞ்சும், அதற்கும் எழுதினாள்.

ஆனால் படிப்பவர் யார்? பூசை நடக்கும்போதே தாளை விசிறியாக்கி வீசினார்கள். வெளியே வந்ததும் பிள்ளைகள் கப்பல் செய்து கால்வாயில் விட்டார்கள். ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்று தேற்றிக்கொண்டாலும் அவளுக்கு வலித்தது. கோயில் திருநாளோடு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தாள்.

அந்த வாரம்தான் பஸ்ஸில் அன்னம்மா ஏறினாள். ஏறினாள் என்றால் உர்சுலாவின் அரைத்தூக்கத்தில். ஈரத்தலையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோயிலில் ஓலை வாசித்தாகிவிட்டது. கல்யாணம் நிச்சயமானவர்கள் பெயரை மூன்று ஞாயிறு வாசித்து, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார்களே, அந்த ஓலை. அன்னம்மாவுக்கு அந்தக் கல்யாணத்தில் மனசில்லை. வீட்டில் வாய் திறக்கத் தைரியமும் இல்லை. உர்சுலா அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

ஆம்ப்ரோஸ் அண்ணனுக்கு அந்த வாரம் இட நெருக்கடி. ஓலைப் பகுதிக்கு நேர் கீழே, நடுவில் கோடுகூடப் போடாமல், அன்னம்மாவை எழுதிவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும், தேக்கா மார்க்கெட்டில் காய்கறி விற்கும் பிலோமினம்மாள் சாமியாரின் அறைக்குப் போய் நின்றாள்.

"சாமி, ஒரு தடை சொல்லணும். இந்த அன்னம்மாங்கற பொண்ணுக்கு மனசில்ல. தாள்லயே போட்டிருக்கு, நீங்க வாசிக்காம விட்டுட்டீங்க. மனசில்லாத கல்யாணம் செல்லாதுன்னு நீங்கதானே பிரசங்கத்துல சொன்னீங்க?"

சாமியார் தாளை வாங்கிப் பார்த்தார். ஆம்ப்ரோசையும் உர்சுலாவையும் கூப்பிட்டனுப்பினார்.

"ஓலைக்குக் கீழ கட்டுக்கதையா? அடுத்த வாரத்துலேர்ந்து அந்த இடத்துல புனிதர்கள் வாக்குப் போட்டாப் போதும்!"

தானே விட்டுவிட நினைத்த இடம்தான். பிறர் பிடுங்குகிறார்கள் என்றதும் உர்சுலாவுக்கு விட மனசு வரவில்லை. ஆனாலும் பிலோமினம்மாளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அக்கா, அப்படி ஒரு பொண்ணே இல்ல. நானா எழுதினது. மன்னிச்சிடுங்க."

பிலோமினம்மாள் கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லையா? சரி. எனக்கு ஓலை வாசிச்சப்ப யாரும் வந்து சொல்லல, சாமி. அதான் நான் வந்தேன்."

சாமியார் தாளை மெல்ல மடித்து அவளிடமே கொடுத்தார். பிறகு, "ஆம்ப்ரோஸ், இனிமே நடுவுல தடிமனா ஒரு கோடு போடு," என்றார். புனிதர்கள் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

வாசலில் பிலோமினம்மாள் உர்சுலாவின் கையைப் பிடித்தாள். "இருக்காளோ இல்லையோ, போகட்டும். அவ வீட்டுல சொல்லிடுவாளா?"

"சொல்லிடுவாக்கா."

திரும்பும் பஸ்ஸில் அன்னம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். தலை இன்னும் காயவில்லை. வியாழனுக்கு நிறைய நாள் கிடந்தது. உர்சுலாவால் பொறுக்க முடியவில்லை. தன் கையிலிருந்த பூசைத் தாளைத் திருப்பி, வெறும் பின்பக்கத்தில் இரண்டாவது பத்தியை ஆரம்பித்தாள்.

"அம்மா, எனக்கு இதுல மனசில்ல," என்றாள் அன்னம்மா.