கூப்பனுக்கு ஒரு மூலை அறை

லாட்ஜ் ரிசப்ஷனில் உட்காருகிறவனுக்கு இரண்டு முகம் வேண்டும். ரூம் இருக்கிறது என்று சொல்ல ஒன்று, இல்லை என்று சொல்ல ஒன்று. ஆண்டவன் எனக்குக் கொடுத்தது இரண்டாவது மட்டும்தான். கவுண்டர், கல்லா, டோக்கன் ஜன்னல் என்று ஏதோ ஒன்றுக்குப் பின்னால் உட்கார்ந்து தினமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக பாவிகளே, உங்களுக்கு இதெல்லாம் சொன்னால் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சின்ன லாட்ஜ். அங்கே ரிசப்ஷன் நான், கணக்கு நான், ஃபியூஸ் போனால் எலக்ட்ரீஷியனும் நானே. பேர் ஏகாம்பரம். போன சீசனில் அரசாங்கம் ரேஷன் கார்டுக்கு ஒரு சுற்றுலாக் கூப்பன் என்று அறிவித்தது. எங்கெங்கோ ஓடாதீர்கள், உங்கள் மாவட்டத்திலேயே ஒரு ராத்திரி லாட்ஜில் தங்குங்கள், காலை டிபனோடு செலவு எங்களுடையது என்றார்கள். நிபந்தனை, கார்டில் பேர் உள்ள யாராவது நேரில் வந்து மெஷினில் விரல் வைக்க வேண்டும். விரல் வைத்தவர் கட்டாயம் தங்கவும் வேண்டும்.

கூப்பன் எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் சம்சாரம் தேவகி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். பூஞ்சேரியில் எங்கள் வீட்டில் விடிவதற்கு முன்னால் எனக்கு ஆக்கி வைத்துவிட்டுப் போய், அங்கே ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்குவாள். கூப்பனைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுச் சொன்னாள்: “தெனம் எவன் எவனுக்கோ சாவி எடுத்துக் குடுக்கற. எனக்கு ஒரு நாளு குடு. நான் கண்ணு முழிக்கசொல்ல வேற யாராவது நாஸ்தா பண்ணி எடுத்தாரணும். அவ்ளோதான் எனுக்கு வேணும்.”

இதென்ன பிரமாதம், சாவிக்கொத்தே நம்மிடம்தானே என்று நினைத்தேன். கடைசித் தேதிக்கு நாள் இருந்தது. மாடியில் மூலை அறை, ஜன்னலைத் திறந்தால் கடல். அதை அவளுக்கென்று மனசுக்குள் எழுதியும் வைத்துவிட்டேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பையோடு வந்தவர்கள்

முதல் நாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால் வாசலில் ஆள் இல்லை, வரிசை மட்டும் இருக்கிறது. ஒரு கட்டைப் பை, ஒரு செங்கல், ஒற்றைச் செருப்பு, ஒரு எண்ணெய் கேன். சொந்தக்காரர்கள் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஷட்டர் சத்தம் கேட்டதும் ஓடி வந்து அவரவர் செங்கலுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள்.

முதல் ஆள் ஊரப்பாக்கத்திலிருந்து வந்த அம்மா. பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, “இன்னாப்பா இன்னிக்குப் போடறீங்க?” என்றார். எதுவும் போடவில்லை அம்மா, இங்கே தங்கலாம், ஃபேன் உண்டு, ஏசி உண்டு, கட்டில் உண்டு என்று விளக்கினேன். வாங்காமல் விட்டால் கார்டைக் கட் பண்ணிவிடுவார்களா என்று கேட்டார். மாட்டார்கள் என்று சத்தியம் செய்தேன். அரசாங்கம் கொடுப்பதை ஒரு மாதம் வாங்காமல் விட்டு அவஸ்தைப்பட்ட குடும்பம் போலிருக்கிறது, நம்பவே இல்லை. பின்னால் நின்றவர்களோடு கூடிப் பேசிவிட்டு வந்து, ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னார்: “சரிப்பா, ரூமு உனக்கே இருக்கட்டும். அதுக்குப் பதிலா ரெண்டு கிலோ துவரம்பருப்பு போட்டுடு.”

விழாத ரேகை

பக்கத்துத் தெருவில் சிற்பப் பட்டறை வைத்திருக்கிறவர் ஒருவர் கூப்பனோடு வந்தார். அவர் வீட்டுக்கும் லாட்ஜுக்கும் நடுவே ஒரு டீக்கடைதான் இருக்கிறது. ஆனாலும் மாவட்டம் அதே மாவட்டம்தானே, விதிப்படி அவர் சுற்றுலாப் பயணி. மெஷினில் விரல் வைத்தார், சிவப்பு விளக்கு. தலைமுடியில் தேய்த்துவிட்டு வைத்தார், சிவப்பு. வேட்டியில் துடைத்து, எச்சில் தொட்டு, கட்டை விரல், சுண்டு விரல் என்று பத்தையும் வைத்துப் பார்த்தார். மெஷின் அசைந்து கொடுக்கவில்லை. கல்லோடு மல்லுக்கட்டிய விரலில் ரேகை எங்கே இருக்கும்?

கடைசியில் வீட்டிலிருந்து அவர் சம்சாரத்தை வரவழைத்தோம். அந்த அம்மா விரல் வைத்ததும் பச்சை. ரசீதில் அந்த அம்மாவின் பேர்தான் வந்தது. சாவியையும் அந்த அம்மாவே வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். சிற்பி இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “எந்த சாமி மூஞ்சி கேட்டாலும் செதுக்கிக் குடுக்கறேன் சார். இந்த மெஷினுக்கு மட்டும் நான் யாருன்னே தெரியல.”

கடல் தெரியும் அறை

அந்த வாரச் சனிக்கிழமை மூலை அறைச் சாவியை மேஜை டிராயரில், பழைய டார்ச் லைட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். தேவகி சாயந்திரம் வருவதாக ஏற்பாடு. மத்தியானம் நெம்மேலி குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. குடும்பத் தலைவர் கடலுக்குப் போகிறவர், தோள்பட்டையைப் பார்த்தாலே தெரியும். எங்கள் மொதலாளிக்கு அன்றைக்கென்று டார்ச் லைட் தேவைப்பட வேண்டுமா? டிராயரைத் திறந்தார், சாவியைப் பார்த்தார். “கடல் தெரியற ரூமுய்யா, இத்தப் போய் வெச்சிகினு கீற!” என்று எடுத்து நீட்டிவிட்டார்.

போன சுருக்கில் அந்த மனுஷன் இறங்கி வந்தார். முகத்தில் அப்படியொரு ஏமாற்றம். “இன்னா அண்ணாத்த, ஜன்னலைத் தொறந்தா கடலு கீது?” என்றார். அதுதான் சார் விசேஷம் என்றேன். பஸ் ஸ்டாண்டு தெரிகிற ரூம் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பின்பக்கம் ஒரு அறை, யாரும் விரும்பாதது. பஸ் ரிவர்ஸ் எடுக்கிற விசில் சத்தத்தில் காது கிழியும். அதைக் கொடுத்தேன். பொழுது சாயும் வரைக்கும் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரும் ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்து, எந்த பஸ் எந்த பஸ்ஸை இடிக்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலை அறை திரும்ப வந்ததே என்று நான் சந்தோஷப்படுவதற்குள் மொதலாளி அதை அடுத்த கூப்பனுக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் கிளம்பும்போது அந்த நெம்மேலிக்காரரிடம் கேட்டேன், ஊரெல்லாம் அந்த ரூமுக்கு அடித்துக்கொள்கிறதே, உங்களுக்கு என்ன கோபம் என்று. “கடலைப் பாத்தா வேலை ஞாபகம் வருது அண்ணாத்த. நாங்க லீவுல கீறோம்.”

விரலுக்குச் சொந்தக்காரி

தேவகி அந்தச் சனிக்கிழமை பூ வைத்துக்கொண்டு பையோடு கிளம்பி நின்றிருக்கிறாள். ரூம் போய்விட்டது என்று போனில் சொன்னேன். போனை வைத்துவிட்டாள். நான் வீடு போய்ச் சேர்ந்தபோது மறுநாளைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் உஷாரானேன். மூலை அறையில் பைப் ஒழுகுகிறது, யாருக்கும் கொடுக்க முடியாது என்று மொதலாளியிடம் ஒரு பொய்யைப் போட்டு வைத்தேன். அவர் கையோடு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல பைப்பைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிவிட்டு, “இப்ப சரியா கீது மொதலாளி” என்றான் அந்தப் புண்ணியவான்.

சரியான அறை உடனே கேளம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு இளம் ஜோடிக்குப் போனது. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கம்பெனி. ரேஷன் கார்டில் இருந்தது பையனுடைய அம்மா பேர் மட்டும். அதனால் அம்மாவையும் காரில் அழைத்து வந்திருந்தார்கள். அந்த அம்மா விரல் வைத்தார், பச்சை விழுந்தது. “தேங்க்ஸ்மா, ஷேர் ஆட்டோ புடிச்சித் தரேன், நீ வூட்டுக்குப் போயிடு” என்றான் பையன். அந்த அம்மா நேரே மாடிக்குப் போய், ஏசியைப் போட்டு, கட்டிலின் நட்ட நடுவில் காலை நீட்டிப் படுத்துவிட்டார். ‘சார், நீங்களாவது சொல்லுங்க’ என்று மருமகள், பின்னாலேயே ஏறி வந்த என்னைப் பார்த்தாள். விரல் வைத்தவர் தங்க வேண்டும் என்பது சட்டம், நான் என்ன சொல்ல? அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “விரலு என்னுது, ரூமும் என்னுது. நீங்க ரெண்டு பேரும் வேணும்னா காலையில வந்து என்னைப் பாத்துட்டுப் போங்க.”

பெருக்கிவிட்டுப் போனவர்கள்

கூப்பனில் வந்த ஜனங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் பாவம் சேரும். திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வந்து தங்கியது. மறுநாள் அறையைச் சுத்தம் செய்ய எங்கள் சரோஜாக்கா துடைப்பத்தோடு போனால், அங்கே அவருக்கு வேலையே இல்லை. தரை துடைத்திருக்கிறது. படுக்கை விரிப்பு துவைத்து மாடிக் கம்பியில் காய்கிறது. பாத்ரூம் வாளி புதுசு போல மின்னுகிறது. வாசலில் கோலம் வேறு. ஊரான் வீட்டில் தங்கிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போக அந்தப் பெண்களுக்கு மனசு வரவில்லையாம்.

பூரித்துப்போன மொதலாளி, இவர்களையே மாதம் ஒரு தடவை வரச் சொல்லலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். சரோஜாக்கா துடைப்பத்தை என் மேஜை மேல் வைத்தார். “இன்னா ஏகாம்பரம், அவங்க வந்து பெருக்கறதுன்னா பெருக்கட்டும். அவங்க கூப்பனை எங்கிட்டக் குடு, நான் போய்ப் படுக்கறேன்.”

கடைசித் தேதி

கடைசித் தேதி ஒரு சனிக்கிழமையில் வந்து விழுந்தது. கூப்பன் முடிகிற வரைக்கும் ஸ்டாஃப் யாருக்கும் லீவு இல்லை என்று மொதலாளி முன்பே சொல்லியிருந்தார். கல்பாக்கத்திலிருந்து போன் செய்து மூலை அறையை யாரோ பிடித்து வைத்திருந்தார்கள். வேறு ரூமும் காலி இல்லை. இதைத் தேவகியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. காலையில் அவள் போட்ட தோசையைக்கூடத் தின்னாமல் ஓடி வந்துவிட்டேன்.

சாயந்திரம் வரிசையைப் பார்க்கிறேன், கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில், பையும் கூப்பனுமாக அவள் நிற்கிறாள். ஷேர் ஆட்டோ பிடித்துத் தனியாக வந்திருக்கிறாள். முறை வந்ததும் முன்னே பின்னே பார்த்திராத மனுஷனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்து, “ரூமு கீதா சார்?” என்றாள். என் வாய் பழக்க தோஷத்தில் “இல்ல” என்று ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொதலாளி குறுக்கிட்டார். “யோவ், கல்பாக்கம் பார்ட்டி வரலன்னு இப்பதான்யா போன் பண்ணாங்க. மூலை ரூமு காலிதான். நீ விரலு வைம்மா.” அவர் தேவகியை அதுவரை பார்த்ததே இல்லை.

தேவகி விரல் வைத்தாள். சிவப்பு. தலையில் தேய்த்துவிட்டு வைத்தாள். சிவப்பு. பத்து விரலும் போனது. சத்துணவுக்கூடத்து அண்டாக்களைத் தேய்த்துத் தேய்த்து ரேகை முழுக்க அதிலேயே போயிருக்கிறது. அவள் தன் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்தக் கையால் ஆக்கியதைத்தான் நான் இத்தனை வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறேன், ஒரு நாளாவது அதைத் திருப்பிப் பார்த்திருப்பேனா?

“கார்டுல வேற யாரு பேரும்மா கீது?” என்றார் மொதலாளி.

“எங்க வூட்டுக்காரரு பேரு கீது.”

“அப்ப அவரை வரச் சொல்லு. ஆறு மணிக்கு மெஷின் நின்னுடும்.”

“அவருக்கு லீவு இல்லையாம். அவங்க மொதலாளி குடுக்க மாட்டேன்னுட்டாராம்.”

மொதலாளிக்கு வந்ததே கோபம்! “பொண்டாட்டியக் கூட்டிகினு ஒரு ராத்திரி தங்க லீவு குடுக்காதவன்லாம் ஒரு மொதலாளியா? எவன்மா அவன், பேரைச் சொல்லு!”

இந்தப் பக்கத்திலிருந்தே கையை நீட்டி மெஷினில் என் விரலை வைத்தேன். பச்சை.

மொதலாளி மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேவகியைப் பார்த்தார். பிறகு என் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து, கவுண்டரைத் தானே பார்த்துக்கொள்ள உட்கார்ந்தார். பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். ஏசி ரிமோட் இது, வெந்நீர் காலை ஆறு மணிக்கு மேல் என்று வாய் தானாக ஒப்பித்தது. “டிப்ஸ் வேணுமா சார்?” என்றாள் தேவகி. வேலை முடிந்ததென்று கால் தானாகக் கீழே இறங்கி, கவுண்டர் பக்கம் வந்து நின்றும்விட்டது. இன்டர்காம் அடித்தது. மொதலாளி எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தார். “யோவ் ஏகாம்பரம், மூலை ரூம்ல ஒரு கெஸ்ட் கொறையுதாம். போய்யா மேல.”

காலையில் வழக்கமான நேரத்துக்கு அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. கையை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். போர்வையை மடிக்கப் போனவளைப் பிடித்து உட்கார வைத்தேன். கடலில் வெளிச்சம் வந்த பிறகு கதவு தட்டப்பட்டது. பொங்கலும் வடையும் காபியுமாக சரோஜாக்கா நின்றார். தேவகி இரண்டு வாய் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. எப்படி இருக்கிறது என்று பயந்துகொண்டே கேட்டேன். “உப்பு கம்மி. ஆனா நான் போட்ட உப்பு இல்ல பாரு, அதான் இம்மா ருசி.”

ஊரைச் சுற்றிப் பார்க்கச் சொல்லி அரசாங்கம் கூப்பன் கொடுத்தது, எங்கள் குடும்பம் போய் வந்த தூரமோ கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரைக்கும்தான்.