தந்தி வாசிக்கும் பீரியட்

ஆம்பூரில் நான் ஆறாவது படித்த வருஷம், பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு தலைமை ஆசிரியை வந்தார். வந்த வாரமே எங்களைச் சிலேட்டை எடுக்கச் சொன்னார். "என்ன கத்துக்கணும்னு உங்களுக்கே ஆசை இருக்குமே, அதை எழுதுங்க" என்றார். அதுவரை எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. டீச்சருக்குப் பிடிக்கும் என்று நினைத்து நான் 'பாட்டு' என்று எழுதினேன். எனக்குப் பாட்டே வராது.

என் பக்கத்தில் உட்காரும் தோழி தோல் வியாபாரி ஒருவரின் மகள். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ். அவள் 'தந்தி வாசிக்க' என்று எழுதியிருந்தாள். வகுப்பு சிரித்தது.

டீச்சர் காரணம் கேட்டார். "போன மாசம் மெட்ராஸ்லேந்து அப்பா இங்கிலீஷ்ல தந்தி குடுத்தாரு. அம்மா கோஷா, வெளிய போக மாட்டாங்க. என்ன சாவு சேதியோன்னு மத்தியானத்துலேந்து சாயங்காலம் வரைக்கும் வீடே அழுதுது. குமாஸ்தா வந்து படிச்சா, வெள்ளிக்கிழமை வர்றேன்னு இருக்கு."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு நாள் இருந்திருக்கிறது.

தந்தி வாசிக்க ஒரு பீரியட் வேண்டும் என்று டீச்சர் கேட்டதற்குப் பள்ளியின் மேனேஜர் சம்மதிக்கவில்லை. டீச்சர் அவளையே பேசச் சொல்லி ஆபீஸ் அறைக்கு அனுப்பினார். தனியாகப் போகப் பயந்து என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ன பாடம்னு புள்ளைங்களா முடிவு பண்றது? வீட்டுல ஆம்பளைங்க இல்லியா?" என்றார் மேனேஜர்.

"இருந்தா தந்தி எதுக்கு வருதுங்க?" என்றாள்.

அவர் டைம்டேபிளை எடுத்துப் பார்த்தார். வாரத்துக்கு நாலு தையல் பீரியடில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், பரீட்சை வரைக்கும் பார்ப்போம் என்றார்.

வீட்டில் கிடந்த பழைய தந்திகளை எடுத்து வந்தோம். 'ரீச்டு சேஃப்', 'ஸ்டார்ட் அட் ஒன்ஸ்' எல்லாம் ஒரே மாதத்தில் பழகிவிட்டது. ஒருநாள், அதிகம் பேசாத நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஒரு தந்தியை நீட்டினாள். டீச்சர் பிரித்துப் பார்த்தார், மறுபடி மடித்தார். "இது வேணாம்மா, வேற எடுத்துக் குடு."

"தெரியும் டீச்சரம்மா. அண்ணன் செத்த தந்தி. யாரோ படிச்சுச் சொன்னாங்க. நானே ஒருவாட்டி படிக்கணும்."

டீச்சர் திருப்பிக் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைசியில் 'எக்ஸ்பயர்ட்' என்ற சொல்லில் மட்டும் திக்கினாள். என் தோழி மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். படித்து முடித்ததும் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு வேறு தந்தி எதுவும் வாசிக்கவில்லை.

வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டரம்மா வந்து தையல் பீரியடில் நாங்கள் பூத்தையல் போட்ட தலையணை உறைகளைப் புரட்டிப் பார்த்தார். பாதி பூ, பாதி வெறும் துணி. தையல் போதாது என்று எழுதிவிட்டுப் போனார். மேனேஜர் டீச்சரைக் கூப்பிட்டு ரொம்பக் கோபமாகப் பேசியதாகக் கேள்வி. இனி தந்தி கிடையாது என்றே நினைத்தோம். சனிக்கிழமை காலையில் வந்து தைத்துத் தருகிறோம் என்று நாங்களே போய்ச் சொன்னோம். தைத்து முடிக்க ஐந்து சனிக்கிழமை ஆயிற்று. தந்தி பீரியடை மேனேஜர் நிறுத்தவில்லை.

என் தோழியை அடுத்த வருஷம் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நான் எட்டாவது முடிக்கும்வரை அந்த வகுப்பு நடந்தது. அப்புறம் நடந்ததா என்று எனக்குத் தெரியாது.