மரம் மட்டும் வந்தால் போதுமா

திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் நாங்கள் ஆடிய விளையாட்டு ஒன்று உண்டு. ஒருத்தி புதிர் போடுவாள். விடை அப்புறம், அதைக் கண்டுபிடிக்கச் சொன்ன சேதி போதுமா, பத்தாதா என்று முதலில் சொல்ல வேண்டும். தோற்றவள் தன் கருவாட்டுத் துண்டைக் கொடுத்துவிட வேண்டும். என் கருவாட்டை நான் தின்றதே அபூர்வம். எனக்கு அவசரப்புத்தி.

"ராயபுரத்துக்காரி எண்ணூர்க்காரிக்கு முன்னாடி வந்தா. காலடிப்பேட்டைக்காரியும் எண்ணூர்க்காரிக்கு முன்னாடி வந்தா. மொதல்ல வந்தது யாரு?"

"போதும். ராயபுரத்துக்காரி" என்பேன். கூடவே வேலை செய்த என் அக்கா தலையில் குட்டுவாள்.

"கடைசி யாருன்னு கேட்டா போதும். மொதல்ல யாருன்னா பத்தாதுடி."

ஐம்பதுகளில் ஓர் ஐப்பசி. அக்கா புருஷன் கட்டுமரத்தில் தனியாகக் கடலுக்குப் போனார். மதியத்துக்கு மேல் காற்று புரட்டி எடுத்தது. மறுநாள் எண்ணூர்க் கரையில் கட்டுமரத்தின் கட்டை ஒன்று ஒதுங்கியது. அதில் யார் மரம் என்று தெரிய வெட்டி வைக்கும் எங்கள் வீட்டு வெட்டுக்குறி இருந்தது. மரம் ஆளில்லாமல் வந்தால் குப்பத்துப் பெரியவர்கள் கூடி, பெண்டாட்டியைத் தாலி கழற்றச் சொல்வது வழக்கம். வந்துவிட்டார்கள். அதற்குள் நான் ஒப்பாரியே வைத்திருந்தேன்.

அக்கா கட்டையைத் தடவிப் பார்த்தாள். "மரம் பிரிஞ்சிச்சின்னு தெரிது. ஆளு இன்னா ஆச்சின்னு இதுல எங்க கீது?"

"புடிவாதம் புடிக்காதம்மா" என்றார் ஒரு பெரியவர்.

"புடிவாதம் இல்ல நைனா. இது பத்தாது."

தாலியோடுதான் வேலைக்கு வந்தாள். வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்தது.

கார்த்திகை பாதியில், யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு மாமா வாசலில் நின்றார். நடுக்கடலில் ஒரு சரக்குக் கப்பல் அவரைத் தூக்கி, விசாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டிருக்கிறது. காய்ச்சலோடு அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்.

குப்பமே அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. "உம் மனசுக்குத் தெரிஞ்சிகீது பாரு! நீ பத்தினிம்மா" என்றார் அதே பெரியவர்.

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு இன்னா தெரியும்? உசுரோட கீறார்னு நான் எப்போ சொன்னேன்? தெரியலன்னுதானே சொன்னேன்! ஒரு நாளாவது என்னெ அழ வுட்டீங்களா? அழுதா, 'பாரு, அவளே ஒத்துக்கினா'ன்னு தாலில கை வெச்சிருப்பீங்க."

மாமா அவள் கையைப் பிடித்தார். அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். விளக்கு வைக்கும் வரை நிறுத்தவில்லை.