எழில்மொழி கட்டிய சேலை

அஹமது கபீர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அதை அவர் மறைத்ததில்லை. மறைப்பானேன்? அந்த மூன்றாம் வகுப்பை வைத்துக்கொண்டுதான் அதிராம்பட்டினத்தில் மாடி வீடு கட்டினார், மகள் ஃபஹ்மிதாவை நல்ல இடத்தில் கொடுத்தார், மகன் அஸாரை இன்ஜினியராக்கி தோஹாவுக்கு அனுப்பினார். "எவன்கிட்டயும் போய் நிக்கல. எல்லாம் இந்த ரெண்டு கை" என்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் டீ ஆறுவதற்குள் இதை இரண்டு தடவையாவது கேட்டுவிடுவார்கள்.

இப்போதெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துப்போயிற்று. வயது எழுபது. விடியற்காலை சுபுஹுத் தொழுகையே நாற்காலியில்தான். தொழுதுவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தால் அப்படியே உட்கார்ந்திருப்பார். பக்கத்து நாற்காலியில் ரஹ்மத் பீவி போனைத் தடவிக்கொண்டிருப்பாள். ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருடம் இருந்தபோது மனைவியிடம் பேச ஆயிரம் இருந்தது. ஊரோடு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. பக்கத்திலேயே இருக்கிறாள், பேசத்தான் ஒன்றுமில்லை.

அந்த ஷார்ஜா நாட்களில் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. டிவியில் தினமும் காலை ஏழு மணிக்கு 'காலைத் தூறல்' என்று ஒரு நிகழ்ச்சி. எழில்மொழி, வளவன் என்று இரண்டு பேர் நடத்தினார்கள். வளவன் நேயர் கடிதம் படித்தால் ஊர்ப்பெயரைத் தப்பாகத்தான் படிப்பான். எழில்மொழி திருத்துவாள். அவன் நாக்கைக் கடித்துக்கொள்வான். அவள் தான் சொல்லப்போகும் துணுக்குக்குத் தானே முதலில் சிரித்துவிடுவாள். இங்கே ஏழு என்றால் ஷார்ஜாவில் ஐந்தரை. எட்டுப் பேர் படுக்கும் அறையில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும், கபீர் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

"அந்தப் புள்ள வணக்கம் சொல்றப்ப நானும் பாத்துக்கிட்டிருப்பேன், நீயும் பாரு. ஒண்ணா உக்காந்து டீ குடிக்கிற மாதிரி" என்று அவர்தான் சொல்லி வைத்தார். போன் பேசுவது வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் மட்டும். அதில் ரஹ்மத்தின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "செவ்வாக்கெழம எழில்மொழி என்ன கலரு சேல?" அவர் டக்கென்று சொல்வார். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஒரு வாரம் ஓடிவிடும்.

அதில் மூன்று வருடம் மட்டும் பொய்.

அவர் ஸ்டோர்கீப்பராக இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு அப்போதுதான் அஸ்திவாரம் போட்டிருந்தது. ஃபஹ்மிதாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கபீர் பாலைவனத்தில் ரோடு போடும் வேலைக்குப் போனார். ஊருக்குச் சொன்னது வேறு: சூப்பர்வைசர், ஏசி ரூம், தனி டிவி. கேம்ப்பில் கரண்டே பாதி நேரம் கிடையாது. பழைய அறையில் இருந்த சித்தீக் தினமும் நிகழ்ச்சியைப் பார்த்து, சுவர்க் காலண்டர் கட்டத்துக்குள் சேலை நிறத்தை எழுதி வைப்பான். வியாழன் ராத்திரி கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் கபீர் அதை எழுத்துக் கூட்டிப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு மறுநாள் போன் பண்ணுவார். இந்த விஷயம் சித்தீக்கைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சூப்பர்வைசர் கபீர் என்றுதான் கல்யாணப் பத்திரிகையிலும் போட்டது.

அந்த சித்தீக்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை கொடுவா மீனோடு வந்து உட்கார்ந்திருந்தான். ஷார்ஜாவில் டிரைவிங் லைசென்ஸுக்கு மூன்று தடவை போய் மூன்று தடவையும் கண் டெஸ்ட்டோடு திரும்பி வந்தவன். கடைசிவரை லோடு ஏற்றினான். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டான். அண்ணன் முறைக்குக் கபீரைக் காக்கா என்றும், அக்கா முறைக்கு ரஹ்மத்தை லாத்தா என்றும் கூப்பிடுவான்.

"இங்க பாருங்க, அஸார் என்ன அனுப்பியிருக்கான்னு!" ரஹ்மத் போனை அழுத்தினாள். சுவரில் இருந்த பெரிய டிவியில் அந்தப் பழைய இசை கேட்டது. காலைத் தூறல், ஆயிரமாவது நாள். யாரோ கேசட்டில் பதிந்து வைத்திருந்தது. படம் கொஞ்சம் அலையடித்தது. எழில்மொழி கை கூப்பினாள். வளவன் பின்னாலேயே ஒரு காகிதத்தைத் தவறவிட்டுவிட்டுக் குனிந்தான்.

கபீர் நாற்காலியில் நிமிர்ந்தார். ஆயிரமாவது நாள் அவர் பாலைவனத்தில் தார் டிரம்மை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அட, ஆயிரமாவது நாளு!" சித்தீக் துள்ளி எழுந்தான். "இந்தப் பச்சச் சேலய நான் காலண்டர்ல..." பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

போயிற்று என்று நினைத்தார் கபீர். இருபது வருடமாகப் பூட்டி வைத்த வார்த்தையை இந்தப் பயல் மீன்கவிச்சைக் கையோடு திறந்துவிட்டான். ஆனால் அதற்குள் அவர் கண் டிவியில் இன்னொன்றைப் பார்த்துவிட்டது. எழில்மொழி கட்டியிருந்தது நல்ல அரக்குச் சிவப்பு.

"பச்சையாடா அது?"

"பின்ன? வெத்தலப் பச்ச. ஏன் காக்கா, கண்ணாடிய மாத்தணுமா?"

 ரஹ்மத் டம்ளரை சித்தீக் பக்கம் நகர்த்தினாள். "பச்சதான் தம்பி. டீ ஆறுது, குடிங்க."

அவன் குடித்துவிட்டு, எதையோ உடைத்துவிட்டோம் என்ற முகத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு போனான். டிவியில் வளவன் ஓர் ஊர்ப்பெயரைத் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"எப்பலேருந்து தெரியும்?" கபீர் டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மொத மாசமே ஒரு சந்தேகம். நீங்க பச்சங்கிறது எனக்கு அரக்கு. ஒங்க டிவிதான் கோளாறுன்னு நெனச்சேன். பொறவு அந்தப் பெருநாளைக்கு ஊருக்கு வந்த சித்தீக் தம்பியவே ஒரு சேல வாங்கிட்டு வரச் சொன்னீங்கள்ல, 'லாத்தா, நீங்க ஆசப்பட்ட பச்ச'ன்னு கொண்டாந்தாரு. பிரிச்சா அரக்கு. அப்பத்தான் வெளங்குச்சு, டிவி பாக்குறது யாரு கண்ணுன்னு."

"அதுக்கப்புறமும் மூணு வருஷம் கேட்டியே, என்ன கலருன்னு."

"கேக்காம நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருமே. தனியாக் கெடக்குற மனுசன்." அவள் முந்தானையைச் சரிசெய்தாள். "அந்த மூணு வருசத்துல நான் ஒங்ககிட்ட ஒண்ணாச்சும் வேணும்னு கேட்டேனா? ஃப்ரிட்ஜு ஃப்ரிட்ஜுன்னு உயிர எடுத்துக்கிட்டிருந்தவ."

கேட்கவில்லை. என் பெஞ்சாதி வாய் திறந்து ஒன்று கேட்டதில்லை, கேட்க நான் வைத்ததில்லை என்று பள்ளிவாசல் வாசலில் எத்தனை பேரிடம் மார்தட்டியிருக்கிறார்!  இருபது வருடம் சூப்பர்வைசராக நடித்தது, ரோடு போட்டதைவிட அசதியாக இருந்தது.

"ஊரு பூரா சூப்பர்வைசருன்னு சொல்லிட்டேன், ரஹ்மத்."

"ஊருக்கு அப்படியே இருக்கட்டும். பத்திரிகையிலயே போட்டாச்சு."

அவர் முழங்காலைத் தடவினார். "அங்க டிவியே கெடயாது."

"அதான் தெரியுமே." ரஹ்மத் ரிமோட்டை எடுத்து எழில்மொழியின் குரலைக் குறைத்தாள். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள். "அங்க என்ன இருந்துச்சு? அதச் சொல்லுங்க."

கபீர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"தாரு" என்றார். "செருப்பு அடியிலயே உருகிரும்."